இரண்டு மாப்பிள்ளைகளும் வருமான வரிப் படிவமும்

மெக்கானிக்: சிரிக்காதீங்க சகலை. சிரிச்சீங்கன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிடுவேன்.

ஸ்டோர் கீப்பர்: நான் எங்க சிரிச்சேன்?

மெக்கானிக்: உதடு சிரிக்கல. மீசை சிரிச்சுது. பாத்தேன்.

ஸ்டோர் கீப்பர்: சரி, மீசையையும் அடக்கிக்கறேன். முதல்ல உக்காருங்க. அந்தப் பையைக் கீழ வைங்க. என்ன இது, ரிப்பேருக்கு வந்த வாஷிங் மிஷினையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?

மெக்கானிக்: பில்லு. போன வருஷத்துப் பில்லு மொத்தமும். நீங்க ஸ்டோர்ல எல்லாத்தையும் ஃபைல் போட்டு நூல் கட்டி வச்சிருப்பீங்க. நமக்குப் பைதான்.

ஸ்டோர் கீப்பர்: மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க. காலேஜ்ல என்ன சொன்னாங்க?

மெக்கானிக்: பாப்பாவுக்கு சீட்டு கிடைச்சாச்சு. மார்க்குல கிடைச்சது. யாரு காலையும் பிடிக்கல, தெரியும்ல?

ஸ்டோர் கீப்பர்: தெரியும். நம்ம குடும்பத்துல அவளுக்குத்தான் மூளை. அப்புறம்?

மெக்கானிக்: ஃபீஸ்ல முக்கால்வாசி சலுகை உண்டாம். அப்பாவோட வரிக்குரிய வருமானம் மூணு லட்சத்துக்குள்ள இருந்தா. நானும் மடையன் மாதிரி போன வருஷப் படிவத்தோட நகலை எடுத்துட்டுப் போய் நீட்டினேன். கவுண்டர்ல இருந்த அம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. மறுபடி படிவத்தைப் பாத்தாங்க.

ஸ்டோர் கீப்பர்: எவ்வளவு இருந்துச்சு அதுல?

மெக்கானிக்: உங்களுக்குத் தெரியாதா? மாமா வாசிக்கும்போது எதிர்லதானே உக்காந்திருந்தீங்க.

ஸ்டோர் கீப்பர்: ஏழு எண்பது.

மெக்கானிக்: ஞாபகம் வச்சிருக்கீங்க பாத்தீங்களா!

ஸ்டோர் கீப்பர்: ...மறக்கிற நம்பரா அது.

மெக்கானிக்: 'ஏழு லட்சத்து எண்பதாயிரம் வருமானம் வச்சுக்கிட்டு இந்தச் சலுகையைக் கேக்கறீங்களே சார்'னாங்க அந்தம்மா. சத்தமா. பின்னாடி இருபது பேர் வரிசையில நிக்கறாங்க. பாப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு சகலை.

ஸ்டோர் கீப்பர்: முழு ஃபீஸ் கட்ட முடியாதா?

மெக்கானிக்: கட்ட முடிஞ்சா உங்க வீட்டு சோஃபாவுல வந்து உக்காருவேனா?

ஸ்டோர் கீப்பர்: அதுவும் சரிதான்.

மெக்கானிக்: நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். திருத்தின படிவத்தை வரி ஆபீஸ்ல குடுத்து, முத்திரை வாங்கிட்டு வந்தா சலுகை தர்றோம்னு சொல்லியிருக்காங்க. வரி ஆபீஸ் கவுண்டர் இன்னிக்கு அஞ்சு மணிக்கு மூடிடும். இப்ப மணி ரெண்டரை.

ஸ்டோர் கீப்பர்: மாமாகிட்ட போயிருக்கலாமே. வருஷா வருஷம் நம்ம ரெண்டு பேர் படிவத்தையும் அவர்தானே எழுதறாரு.

மெக்கானிக்: மாமாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகுது. படிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

ஸ்டோர் கீப்பர்: அதனாலதான் இங்க வந்தீங்களா?

மெக்கானிக்: அதனாலயும்.

ஸ்டோர் கீப்பர்: 'யும்'னா?

மெக்கானிக்: வாயைப் பிடுங்காதீங்க. மச்சினி எங்க, ஆளைக் காணோம்?

ஸ்டோர் கீப்பர்: ட்யூட்டி.

மெக்கானிக்: நர்ஸ் வேலைன்னா வேலைதான். ம்... ஒரு வீட்ல ரெண்டு சம்பளம். குடுத்து வச்சவருங்க நீங்க. ஒண்ணாந்தேதியானா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கொட்டுது. நான் ஒரு ஃபிரிட்ஜுக்கு கேஸ் அடிச்சுட்டு, காசை வாங்க மூணு தடவை மாடி ஏறணும்.

ஸ்டோர் கீப்பர்: நேரம் ஆகுது சகலை. போன வருஷப் படிவத்தை எடுங்க. ...இதுல பாருங்க. இது தொழில் பண்றவங்களுக்கான பக்கம். முதல் கட்டம், மொத்த வரவு. அது காலியா இருக்கு. ரெண்டாவது கட்டம், செலவு. அதுவும் காலி. மூணாவது கட்டம், நிகர வருமானம். ஏழு எண்பது. நேரா கீழ வரிக்குரிய வருமானம். அங்கயும் ஏழு எண்பது. எப்படி சகலை? மாமா இதையா எழுதினாரு?

மெக்கானிக்: 'செலவெல்லாம் போக நிகரம் எவ்வளவு மாப்பிள்ளை'ன்னு கேட்டாரு. நான் ஏழு எண்பதுன்னேன். எழுதிட்டாரு.

ஸ்டோர் கீப்பர்: செலவெல்லாம் போகவா ஏழு எண்பது?

மெக்கானிக்: ஃபேனைக் கொஞ்சம் கூட வைங்க.

ஸ்டோர் கீப்பர்: சகலை.

மெக்கானிக்: போகாம.

ஸ்டோர் கீப்பர்: அப்படின்னா, மொத்த வரவையே நிகரம்னு சொல்லியிருக்கீங்க.

மெக்கானிக்: ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சேன். எனக்கென்ன தெரியும்? நான் படிச்சது ஸ்க்ரூடிரைவர்தானே.

ஸ்டோர் கீப்பர்: சரி, விடுங்க. நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. கையில வர்றது எல்லாம் வருமானம் இல்ல. நீங்க ஒரு கம்ப்ரஸர் மாத்திட்டு எட்டாயிரம் வாங்கறீங்க. கம்ப்ரஸர் விலையே அஞ்சாயிரம். அப்ப உங்க வருமானம்?

மெக்கானிக்: மூவாயிரம். சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லாதீங்க.

ஸ்டோர் கீப்பர்: சரி. அந்த மூவாயிரத்துலயும் கடை வாடகை, கரண்ட், வேனுக்கு டீசல் எல்லாம் போகணும். அதுதான் நிகரம். அதுக்கப்புறம் உங்க சொந்தக் கழிவுகள்னு சிலது உண்டு. இன்ஷூரன்ஸ் பிரீமியம், புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், இந்த மாதிரி. அதையும் கழிச்சுட்டு நிக்கறதுதான் வரிக்குரிய வருமானம். காலேஜுல கேக்கறது அந்தக் கடைசித் தொகையை.

மெக்கானிக்: மூணுக்குள்ள வருமா?

ஸ்டோர் கீப்பர்: போட்டுப் பாக்கலாம். போன வருஷ மொத்த வரவு சொல்லுங்க. பில் புக்கைப் பாத்துச் சொல்லுங்க, வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க.

மெக்கானிக்: கூட்டி வச்சிருக்கேன். ஏழு லட்சத்து நாப்பதாயிரம்.

ஸ்டோர் கீப்பர்: ஏழு நாப்பதா? படிவத்துல எண்பதுல்ல இருக்கு?

மெக்கானிக்: ஆமா.

ஸ்டோர் கீப்பர்: நாப்பதாயிரம் எங்கேர்ந்து வந்துச்சு?

மெக்கானிக்: ...அது வந்து...

ஸ்டோர் கீப்பர்: வராத பணத்துக்கா வரி கட்டினீங்க? வரவைக் குறைச்சுச் சொல்றவங்களைப் பாத்திருக்கேன். கூட்டிச் சொன்ன மனுஷனை இப்பத்தான் பாக்கறேன்.

மெக்கானிக்: ஏதோ கூட்டல்ல தப்பு. நீங்க ஏழு நாப்பதுன்னு போடுங்க. போட்டுட்டீங்களா? வாடகை மாசம் எட்டாயிரம்.

ஸ்டோர் கீப்பர்: தொண்ணூத்தி ஆறு. ரசீது?

மெக்கானிக்: இந்தாங்க. பன்னெண்டும் இருக்கு. அஞ்சாவது மாசத்து ரசீதுல டீ கொட்டியிருக்கும், கோச்சுக்காதீங்க.

ஸ்டோர் கீப்பர்: உதிரி பாகம்?

மெக்கானிக்: கம்ப்ரஸர், மோட்டார், கேஸ் சிலிண்டர், ரப்பர் பெல்ட்டு... எல்லாம் சேத்து ரெண்டு லட்சத்து இருபதாயிரம். பில்லோட. கரண்ட் பதினெட்டாயிரம். டீசல் அம்பத்தி நாலு.

ஸ்டோர் கீப்பர்: இதை இவ்வளவு கரெக்டா வச்சிருக்கீங்களே!

மெக்கானிக்: ஏன், நாங்க வச்சிருக்க மாட்டோமா? ஸ்டோர் கீப்பருக்குத்தான் கணக்கு வருமா?

ஸ்டோர் கீப்பர்: செலவைப் பைசா சுத்தமா எழுதி வச்சிருக்கற ஆளுக்கு மொத்தமும் நிகரமும் ஒண்ணுன்னு தோணிச்சா? அதைத்தான் கேக்கறேன்.

மெக்கானிக்: ...வேன் இருக்குல்ல, பழைய வேன். அதுக்கு ஏதாவது கழிக்கலாமா?

ஸ்டோர் கீப்பர்: பேச்சை மாத்தறீங்க. கழிக்கலாம். தேய்மானம்னு பேரு. வண்டி வருஷா வருஷம் விலை குறையுதுல்ல, அந்தக் குறையறதும் தொழில் செலவுதான். உங்க வேனுக்கு முப்பதாயிரம் போடலாம். ...எல்லாம் கூட்டினா நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம். ஏழு நாப்பதுல கழிச்சா...

மெக்கானிக்: மூணு இருபத்தி ரெண்டு.

ஸ்டோர் கீப்பர்: ம். மூணு லட்சத்து இருபத்தி ரெண்டாயிரம்.

மெக்கானிக்: ஐயையோ, இன்னும் இருபத்தி ரெண்டாயிரம் கூட இருக்கே! போச்சு. போச்சு சகலை. அவகிட்ட என்ன சொல்வேன்?

ஸ்டோர் கீப்பர்: கொஞ்சம் பொறுங்க. இன்னும் சொந்தக் கழிவு போடல. இன்ஷூரன்ஸ் கட்டறீங்களா?

மெக்கானிக்: பன்னெண்டாயிரம்.

ஸ்டோர் கீப்பர்: பாப்பாவோட ஸ்கூல் ஃபீஸ்?

மெக்கானிக்: இருபத்தி நாலு. ரசீது... ரசீது எங்க வச்சேன்... இதுல இல்ல... இதுவும் இல்ல...

ஸ்டோர் கீப்பர்: நிதானமா தேடுங்க. அது இல்லாம ஒண்ணும் நடக்காது.

மெக்கானிக்: இருக்கு! இருக்கு! கேஸ் அடுப்பு பில்லோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்பாடா. உயிரே போயிடுச்சு எனக்கு.

ஸ்டோர் கீப்பர்: முப்பத்தி ஆறாயிரம் கழிச்சா, வரிக்குரிய வருமானம் ரெண்டு லட்சத்து எண்பத்தி ஆறாயிரம்.

மெக்கானிக்: ரெண்டு எண்பத்தி ஆறு... சகலை, மூணுக்குக் கீழதானே அது? நல்லாப் பாத்துட்டீங்கல்ல?

ஸ்டோர் கீப்பர்: ரெண்டு தடவை பாத்துட்டேன். சலுகை கிடைச்சுடும். அது மட்டும் இல்ல, போன வருஷம் கூடக் கட்டின வரி திரும்பி வரும். எவ்வளவு கட்டினீங்க?

மெக்கானிக்: எழுபதுக்குப் பக்கம்.

ஸ்டோர் கீப்பர்: எழுபதாயிரமா? ரெண்டு எண்பத்தி ஆறு சம்பாதிச்சு, அதுல எழுபதாயிரம் வரியா? எங்கேர்ந்து கட்டினீங்க?

மெக்கானிக்: வீட்டுக்காரி செயினு.

ஸ்டோர் கீப்பர்: அடகா?

மெக்கானிக்: மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கு.

ஸ்டோர் கீப்பர்: பொண்டாட்டி செயினை அடகு வச்சு, சம்பாதிக்காத பணத்துக்கு வரி கட்டியிருக்கீங்க. இது தெரியாமப் பண்ணின தப்பு இல்ல சகலை. என்னன்னு சொல்லுங்க. சொல்லித்தான் ஆகணும், ஏன்னா இங்க ஒரு கட்டம் இருக்கு. 'திருத்தத்திற்கான காரணம்.' அதைக் காலியா விட்டா வாங்க மாட்டாங்க.

மெக்கானிக்: எழுத்துப் பிழைன்னு போடுங்க.

ஸ்டோர் கீப்பர்: ரெண்டு எண்பத்தி ஆறை ஏழு எண்பதுன்னு எழுதறது எழுத்துப் பிழையா?

மெக்கானிக்: மாமாவுக்குக் கண்ணு சரியில்ல, மாத்தி எழுதிட்டாருன்னு போடுங்க.

ஸ்டோர் கீப்பர்: வயசான மனுஷன் தலையில கட்டறீங்களே.

மெக்கானிக்: அவராலதான் எல்லாம்!

ஸ்டோர் கீப்பர்: அவர் என்ன பண்ணினாரு?

மெக்கானிக்: என்ன பண்ணினாரா? வருஷா வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு மாப்பிள்ளையையும் சாப்பாட்டு மேஜையில எதிரெதிர்ல உக்கார வச்சு, படிவத்தை எழுதி, கடைசித் தொகையை ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி வாசிப்பாருல்ல? அத்தை, உங்க வீட்டுக்காரி, என் வீட்டுக்காரி எல்லாரும் நின்னு கேப்பாங்கல்ல?

ஸ்டோர் கீப்பர்: ஆமா. முப்பது வருஷம் கேஷியரா இருந்தவரு. அவருக்கு அது ஒரு பழக்கம்.

மெக்கானிக்: உங்களுக்கு அது பழக்கம். எனக்கு அது... நாலு வருஷத்துக்கு முன்னாடி, நீங்க கல்யாணம் ஆகி வந்த முதல் வருஷம். 'சின்ன மாப்பிள்ளை, அஞ்சு லட்சத்துப் பத்தாயிரம்'னு வாசிச்சாரு. எந்திரிச்சு உங்க கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. அப்புறம் 'பெரிய மாப்பிள்ளை, ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்'. அந்த வருஷம் நான் உண்மையைத்தான் சொன்னேன். வாசிச்சுட்டு என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?

ஸ்டோர் கீப்பர்: 'பரவால்ல மாப்பிள்ளை'ன்னாரு.

மெக்கானிக்: 'பரவால்ல மாப்பிள்ளை. எல்லாருக்கும் ஒரே மாதிரியா அமையும்?' என் வீட்டுக்காரி சட்டுனு தட்டைக் கழுவப் போயிட்டா. தட்டுல ஒண்ணுமே இல்ல. அந்தப் 'பரவால்ல' ஒரு வருஷம் பூரா காதுலயே இருந்துச்சு சகலை. நான் வந்து இருபது வருஷம் ஆச்சு அந்த வீட்டுக்கு. மாமா வீட்டு ஃபேன் ஓடுதுன்னா நான் பாத்துவச்ச ஃபேன். நேத்து வந்த ஆளுக்குக் கைகுலுக்கல், எனக்குப் பரவால்லயா?

ஸ்டோர் கீப்பர்: அதனால...

மெக்கானிக்: அதனால அடுத்த வருஷம் நீங்க முதல்ல எழுதட்டும்னு காத்திருந்தேன். மாமா வாசிச்சாரு, அஞ்சு முப்பதுன்னு. நான் ஆறு அம்பதுன்னேன். அந்தக் கை எனக்கு வந்துச்சு. என் வீட்டுக்காரி எல்லாருக்கும் நடுவுல நிமிந்து நின்னா. சொல்லுங்க, அதுக்கு முன்னாடி செலவு என்ன, தேய்மானம் என்ன? அதுக்கடுத்த வருஷம் நீங்க ஆறு அறுபது. நான் ஏழு. போன வருஷம் நீங்க ஏழு அறுபது. என் மொத்த வரவே ஏழு நாப்பதுதான்! வேற வழியில்லாம ஏழு எண்பதுன்னு விட்டேன்.

ஸ்டோர் கீப்பர்: அந்த நாப்பதாயிரம் அப்படி வந்ததுதானா?

மெக்கானிக்: உங்க மேல பொறாமை சகலை. போதுமா? வயித்தெரிச்சல். ஒண்ணாந்தேதி சம்பளம், ஞாயித்துக்கிழமை லீவு, வெள்ளைச் சட்டை. என் சட்டையை எத்தனை துவைச்சாலும் கிரீஸ் கறை போகாது. உங்களைப் பாக்கறப்பெல்லாம் இங்க... இந்த இடத்துல காந்தும். பாப்பா விஷயம் மட்டும் இல்லேன்னா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஸ்டோர் கீப்பர்: மூணு வருஷமும் பொய்யா?

மெக்கானிக்: மூணு வருஷமும்.

ஸ்டோர் கீப்பர்: ஆறு அம்பது, ஏழு, ஏழு எண்பது. மூணுமா?

மெக்கானிக்: அதான் சொல்றேனே. எத்தனை தடவை சொல்லணும்? ஏன் இப்படி வெளிறிப் போறீங்க? உங்க காசா போச்சு?

ஸ்டோர் கீப்பர்: ...தண்ணி குடிச்சுட்டு வர்றேன். இருங்க.

மெக்கானிக்: எனக்கும் ஒரு டம்ளர். ...போன்ல யாரு இப்ப? ஹலோ, சொல்லு. ஆங், முடிஞ்சிடுச்சு. ரெண்டு எண்பத்தி ஆறு. ஆமாடி, கீழதான்! பாப்பாகிட்ட சொல்லு. ...இல்ல, இன்னும் கையெழுத்து வாங்கல. ...சகலையா? உள்ள போயிருக்காரு. ...ஏன் அப்படிக் கேக்கறே? நல்லாத்தான் இருக்காரு, அவருக்கென்ன கொறை? வை, வை. ...சகலை! வீட்டுக்காரி உங்களை விசாரிச்சா. 'அவரு எப்படி இருக்காரு, சாப்பிட்டாரா'ன்னு. என்னை ஒரு நாள் இப்படிக் கேட்டதில்ல.

ஸ்டோர் கீப்பர்: இந்தாங்க தண்ணி.

மெக்கானிக்: காரணம் என்ன எழுதப் போறீங்க?

ஸ்டோர் கீப்பர்: 'தொழில் செலவுகளும் கழிவுகளும் விடுபட்டுவிட்டன. மொத்த வரவும் கூடுதலாகக் குறிப்பிடப்பட்டது.' அது உண்மைதான். ஏன் விடுபட்டதுன்னு கேக்கறதுக்கு அங்க இடம் இல்ல.

மெக்கானிக்: நல்லா இருக்கு. ஆபீஸ் தமிழ். இப்ப கீழ ஒரு கையெழுத்து. 'படிவம் நிரப்பியவர்.' மாமா போடற இடம். அங்க நீங்க போட்டுடுங்க.

ஸ்டோர் கீப்பர்: மாமா பேரு இருந்த இடத்துல நானா?

மெக்கானிக்: யாரு நிரப்பினாங்களோ அவங்கதானே போடணும்? நீங்கதானே நிரப்பினீங்க. மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது சகலை. ரெண்டு எண்பத்தி ஆறுன்னு தெரிஞ்சுது, மறுபடி 'பரவால்ல'ன்னு ஆரம்பிச்சுடுவாரு. அதுக்கு நான் வண்டியை எடுத்துக்கிட்டு எங்கயாவது போயிடுவேன். கெஞ்சறேன். வேணும்னா கால்ல கூட... சரி, கால்ல எல்லாம் விழ மாட்டேன். ஆனா கெஞ்சறேன்.

ஸ்டோர் கீப்பர்: மாமா அடுத்த வருஷமும் வாசிப்பாரே?

மெக்கானிக்: அடுத்த வருஷம் அடுத்த வருஷம். நீங்க ஜெயிச்சுக்கோங்க. கையை நல்லா குலுக்கிக்கோங்க. எனக்குப் பாப்பா காலேஜுக்குப் போனாப் போதும். ...மணி மூணே முக்கால். ஏன் பேனாவைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க? போடுங்க.

ஸ்டோர் கீப்பர்: போடறேன். ஒரு நிமிஷம்.

மெக்கானிக்: என்ன யோசனை? ...ஓ. இந்தச் செய்தித்தாளுக்கு அடியில இருக்கறது உங்க படிவமா? இந்த வருஷத்தது?

ஸ்டோர் கீப்பர்: அதை விடுங்க.

மெக்கானிக்: என்னோடதை அடி மடி வரைக்கும் அவுத்துப் பாத்துட்டீங்க. உங்களோடதை நான் பாக்கக் கூடாதா?

ஸ்டோர் கீப்பர்: சகலை, வேண்டாம்—

மெக்கானிக்: கொடுங்க இப்படி. ...இது என்ன? சம்பளச் சான்று மூணு இருக்கு? ஒண்ணு பெயின்ட் கம்பெனி. அது தெரிஞ்சது. ரெண்டாவது... மருந்துக் குடோன். மூணாவது, எடைமேடையா? லாரி எடை போடற இடமா?

ஸ்டோர் கீப்பர்: ஆமா.

மெக்கானிக்: நீங்களா?

ஸ்டோர் கீப்பர்: சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்தரை வரைக்கும் மருந்துக் குடோன்ல சரக்குக் கணக்கு. ஞாயித்துக்கிழமை எடைமேடையில சீட்டுப் போடற வேலை.

மெக்கானிக்: ஞாயித்துக்கிழமை லீவு இல்லையா உங்களுக்கு?

ஸ்டோர் கீப்பர்: ரெண்டு வருஷமா இல்ல. மாமா வீட்ல படிவம் எழுதற அந்த ஒரு ஞாயிறு மட்டும் லீவு போடுவேன்.

மெக்கானிக்: சொல்லவே இல்லையே! நான் கம்பெனியில ஏதோ பெரிய பதவி உயர்வுன்னு நினைச்சு... ராத்திரி தூங்காம இருந்திருக்கேன் சகலை, அதை நினைச்சு. மூணு வேலை. அடேயப்பா. அதான் அந்த ஏழு அறுபது. நிஜமாவே சம்பாதிச்சது. பாருங்க, இப்பவும் எரியத்தான் செய்யுது எனக்கு.

ஸ்டோர் கீப்பர்: எரிய வேண்டாம். குடுங்க அதை.

மெக்கானிக்: இருங்க, இன்னும் பாக்கல. இவ்வளவு பெரிய ஸ்டோர் கீப்பர், ஒரு இடத்துல தப்பா டிக் போட்டிருக்கீங்க. இங்க பாருங்க. 'துணைவர் உடன் வசிக்கிறாரா?' 'இல்லை'ங்கற கட்டத்துல போட்டு வச்சிருக்கீங்க. நல்ல வேளை நான் பாத்தேன். அடிச்சுட்டு 'ஆம்'ல போடுங்க. இதுக்கு ஏதோ கழிவு கூட உண்டுன்னு போட்டிருக்கே கீழ, அது போயிடுமே.

ஸ்டோர் கீப்பர்: தப்பா போடல சகலை.

மெக்கானிக்: என்ன?

ஸ்டோர் கீப்பர்: பொய் சொன்னா கழிவு கிடைக்கும். ஆனா பொய் எழுத மனசு வரல.

மெக்கானிக்: மச்சினி ட்யூட்டின்னு சொன்னீங்க?

ஸ்டோர் கீப்பர்: ட்யூட்டிதான். ட்யூட்டி முடிஞ்சா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல். அஞ்சு மாசமாச்சு.

மெக்கானிக்: என் வீட்டுக்காரிக்கு...

ஸ்டோர் கீப்பர்: தெரியும். அக்காகிட்ட சொல்லாம இருப்பாளா? உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மெக்கானிக்: என்கிட்ட ஏன் மறைக்கணும்? நான் என்ன அந்நியனா?

ஸ்டோர் கீப்பர்: அந்நியனா இருந்தா சொல்லியிருப்பேன். நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னு நானே வந்து சொல்லணுமா?

மெக்கானிக்: நான் எங்க ஜெயிச்சேன்? என்ன பேசறீங்க? என்னதான் நடந்துச்சு உங்களுக்குள்ள?

ஸ்டோர் கீப்பர்: நீங்க ஆறு அம்பதுன்னு சொன்ன வருஷம், அந்தப் 'பரவால்ல' எனக்கு வந்துச்சு. 'பரவால்ல சின்ன மாப்பிள்ளை, நீங்களும் மேல வருவீங்க'ன்னாரு. உங்களுக்கு ஒரு வருஷம் காதுல இருந்துச்சுன்னீங்க. எனக்கு ஒரு வாரம் கூடத் தாங்கல. அடுத்த திங்கக்கிழமையே மருந்துக் குடோன்ல சேந்துட்டேன். அதுக்கப்புறமும் நீங்க மேல போனீங்க. எடைமேடையில சேந்தேன். அப்பவும் நீங்க மேல.

மெக்கானிக்: சகலை...

ஸ்டோர் கீப்பர்: போற அன்னிக்கு அவ சண்டை கூடப் போடல. துணியை மடிச்சுக்கிட்டே ஒண்ணுதான் கேட்டா. 'எங்கக்கா வீட்டுக்காரரு உங்களை விட அதிகமா சம்பாதிக்கறாரு, எட்டு மணிக்குப் புள்ளையோட உக்காந்து சாப்பிடறாரு. உங்களால மட்டும் ஏன் முடியல?'ன்னா. எனக்குத் திறமை போதலன்னு நினைச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன்.

மெக்கானிக்: நான்... எனக்கு இப்படி ஆகும்னு... சத்தியமா சகலை, நான் மாமாவுக்காகத்தான் அந்தத் தொகையை...

ஸ்டோர் கீப்பர்: கையெழுத்து போட்டுட்டேன். காஞ்சதும் மடிங்க. நாலு மணி ஆயிடுச்சு, கவுண்டர்ல கூட்டம் இருக்கும்.

மெக்கானிக்: மாமாகிட்ட...

ஸ்டோர் கீப்பர்: மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா முத்திரை வாங்கிட்டு வர்ற வழியில அந்த ஹாஸ்டல்ல வண்டியை நிறுத்தி, இந்த ரெண்டு எண்பத்தி ஆறை அவகிட்ட நீங்களே காட்டுங்க சகலை. நான் சொன்னா நம்ப மாட்டா.